காகிதத்தைக் காத்தவர்கள் மீது வழக்கு: செர்கேய் பிளாத்தோனோவும் சோவியத் ஆவணக் காப்பகங்களும்

1929 அக்டோபரில் லெனின்கிராத் அறிவியல் அக்காடமியின் நூலகத்தில் அரசுச் சரிபார்ப்புக் குழு ஒன்று சில காகிதங்களைக் கண்டெடுத்ததாக அறிவித்தது. அவற்றில் இரண்டு மிக முக்கியமானவை. ஒன்று, ஜார் இரண்டாம் நிக்கலாய் முடிதுறந்த ஆவணத்தின் மூலப்படி. மற்றொன்று, அவருடைய தம்பி மிகயீல் அரியணையை ஏற்க மறுத்த ஆவணத்தின் மூலப்படி. மூன்று மாதம்கூட முடியவில்லை. 1930 ஜனவரி 12 அன்று, அந்த நூலகத்தின் முன்னாள் இயக்குநரும் ரஷ்யாவின் மூத்த வரலாற்றாசிரியருமான செர்கேய் பிளாத்தோனோவ் கைது செய்யப்பட்டார். அப்போது அவருக்கு வயது 69.

ஆவணத்தை அழித்தவர், திருடியவர், வெளிநாட்டுக்கு விற்றவர் தண்டிக்கப்படுவது புரிகிறது. பத்திரமாக வைத்திருந்தவர் எப்படிக் குற்றவாளியானார்? ஸ்டாலின் காலத்துக் கொடுமை என்று ஒரே வரியில் சொல்லிக் கடந்துவிடலாம். ஆனால் அந்த ஒரு வரி வழக்கின் உள்கட்டமைப்பை மறைத்துவிடுகிறது. காப்பகத் தொழிலின் அன்றாடச் செயல்கள், அதாவது ஒப்படைப்பைப் பெறுவது, முத்திரையிட்டு வைப்பது, ஊருக்குப் பறைசாற்றாமல் இருப்பது ஆகியவை ஒரு சட்டத்தின் இடைவெளி வழியாகச் சதியாக மாற்றப்பட்டன. அது எப்படி நடந்தது என்று படிப்படியாகப் பார்த்தால்தான் இந்த வழக்கு விளங்கும்.

முதலில் அந்த முடிதுறப்புத் தாளையே பார்ப்போம். அது தட்டச்சு செய்யப்பட்டது. மேலே அரச முகவரிகள், பட்டங்கள் எதுவும் இல்லை; படைத் தலைமையகத்தின் தலைமை அதிகாரிக்கு என்று மட்டும் இருக்கிறது. தேதி பழைய நாட்காட்டிப்படி 1917 மார்ச் 2, நேரம் 15 மணி 5 நிமிடம். உண்மையில் ப்ஸ்கோவ் நிலையத்தில் நின்ற ரயில் பெட்டியில் ஜார் அதில் ஒப்பமிட்டபோது நள்ளிரவு நெருங்கிவிட்டது. நாடாளுமன்றத்திலிருந்து வந்திருந்த தூதர்களின் நெருக்குதலால் முடிவெடுத்ததாகத் தோன்றக் கூடாது என்பதற்காகப் பிற்பகல் நேரம் போடப்பட்டது. நிக்கலாயின் கையெழுத்து பென்சிலில் இருக்கிறது. அரண்மனை அமைச்சர் ஃபிரெதெரிக்ஸின் சான்றொப்பமும் உண்டு. மிகயீலின் ஆவணம் இதற்கு நேர்மாறு. முழுவதும் கையால் எழுதியது. எழுதியவர் சட்ட வல்லுநர் விளதீமிர் நபோக்கோவ், அதே பெயர்கொண்ட நாவலாசிரியரின் தந்தை. நிக்கலாயின் தாள் இன்று மாஸ்கோவில் உள்ள ரஷ்யக் கூட்டாட்சி அரசு ஆவணக் காப்பகத்தில், ஃபோந்த் 601, ஓபிஸ் 1, கோப்பு 2100அ, தாள் 5 என்ற முகவரியில் இருக்கிறது.

இந்த நான்கடுக்கு முகவரியைக் கொஞ்சம் விளக்க வேண்டும், ஏனென்றால் கட்டுரையின் முடிவில் இது திரும்ப வரும். ஃபோந்த் என்பது ஒரு நிறுவனமோ ஒரு மனிதரோ தன் வாழ்நாளில் உருவாக்கிய காகிதங்களின் முழுத் தொகுதி. ஓபிஸ் என்பது அந்தத் தொகுதியின் வரிசைப் பட்டியல். அதற்குக் கீழே கோப்பு, அதற்குள் எண்ணிடப்பட்ட தாள். இந்த நான்கில் ஒன்று அறுந்தாலும் ஆவணம் ஊமையாகிவிடும். தாள் கையில் இருக்கும். யார் யாருக்கு, எந்த வேலையின் நடுவில், எதற்குப் பதிலாக எழுதினார்கள் என்பது போய்விடும்.

எரிந்த கட்டடங்களும் மிஞ்சிய கட்டுகளும்

1917 பிப்ரவரிப் புரட்சியின்போது பெத்ரோகிராதில் (பின்னாளில் லெனின்கிராத், இன்று பீட்டர்ஸ்பர்க்) முதலில் எரிந்தவற்றில் மாவட்ட நீதிமன்றமும் அதன் காப்பகமும் அடக்கம். ரகசியப் போலீஸ் அலுவலகங்களையும் கூட்டம் தாக்கியது. கோபம் பாதி, கணக்கு பாதி. யார் ஒற்றர், யார் மாதச் சம்பளம் வாங்கிக்கொண்டு தோழர்களைக் காட்டிக்கொடுத்தார் என்ற விவரங்கள் அந்தக் கோப்புகளில்தான் இருந்தன. அவை எரிந்தால் மூச்சுவிடக்கூடியவர்கள் கூட்டத்திலும் இருந்திருப்பார்கள்.

ஃபோந்தான்கா கால்வாய்க் கரையில் இருந்த போலீஸ் துறைத் தலைமையகத்தின் காகிதங்களை மீட்டு அக்காடமிக்குக் கொண்டுவந்தவர்கள் இலக்கிய ஆய்வாளர்கள். அக்காடமியின் கீழ் இயங்கிய புஷ்கின் இல்லத்தின் தலைவர் நெஸ்தர் கோத்லியரேவ்ஸ்கி அதற்கான அனுமதியைப் புதிய அரசிடம் பெற்றிருந்தார். அன்றைய நகரில் பூட்டும் காவலும் கூரையும் உள்ள, எந்தக் கட்சிக்கும் சொந்தமில்லாத இடம் என்று அக்காடமியைத்தான் சொல்ல முடிந்தது. அடுத்த சில ஆண்டுகளில் நாட்டை விட்டு ஓடியவர்கள், கலைக்கப்பட்ட கட்சிகள், முன்னாள் அதிகாரிகள் என்று பலரும் தங்கள் காகிதங்களை அங்கே ஒப்படைத்ததற்கும் இதுவே காரணம். 1929-ல் "போலீஸ் துறைக் காகிதங்கள் அக்காடமியில் எதற்கு?" என்று எழுந்த கேள்விக்கு விடை, பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முந்தைய அந்த மீட்பு வேலையில் இருக்கிறது.

கலைந்துபோன ஒரு காப்பகத்தை மீட்பதில் வேலையின் வரிசை முக்கியம். முதலில் பதிவேடுகளையும் அட்டைக் குறிப்புகளையும் தேடி எடுக்க வேண்டும், கோப்புகளை அல்ல. பதிவேடு கிடைத்துவிட்டால் எந்தக் கோப்பு இல்லை என்பதையாவது சொல்லலாம். அது இல்லாமல் ஆயிரம் கோப்பு கிடைத்தாலும் முழுமை தெரியாது. அடுத்து, கட்டுகளைப் பழைய அலமாரி வரிசையிலேயே எண்ணிட்டு இறக்க வேண்டும். வண்டியில் ஏற்றும்போது ஒரு எண்ணிக்கை, இறக்கும்போது ஒரு எண்ணிக்கை, இரு தரப்பும் ஒப்பமிட்ட ஒப்படைப்புச் சான்று. உதிரித் தாள்களை "இது அந்தக் கோப்பினுடையதாக இருக்கும்" என்று ஊகித்துச் செருகக் கூடாது. கிடைத்த இடத்தைக் குறித்துத் தனிக் கட்டாக வைக்க வேண்டும். அவசரத்தில் மீட்பவர்கள் சறுக்குவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். பிரபலமான பெயர் உள்ள தாளை உருவித் தனியே வைப்பார்கள், கோப்பு உடைந்துவிடும். பொருள்வாரியாக அடுக்கினால் வசதி என்று நினைத்து நான்கு அலுவலகங்களின் காகிதத்தை ஒன்றாகக் கலப்பார்கள். பிறகு அதைப் பிரிக்க ஒரு தலைமுறை வேண்டும்.

உருவாக்கிய அலுவலகம் வாரியாகத் தொகுதியைக் குலைக்காமல் காப்பது என்ற நெறியை ரஷ்யக் காப்பகத்தார் நன்கு அறிந்திருந்தார்கள். 1917 வசந்தத்தில் அவர்கள் கூடி ஆவணப் பணியாளர் சங்கம் ஒன்றை அமைத்தார்கள். தலைவர் அலெக்சாந்தர் லாப்போ-தனிலேவ்ஸ்கி, மூல ஆவண ஆய்வு முறையில் பெரும் பெயர் பெற்றவர்; 1919 பிப்ரவரியில், பஞ்சக் குளிர்காலத்தில் இறந்துபோனார். காப்பகங்களை ஒரே நிர்வாகத்தின் கீழ் கொண்டுவர வேண்டும் என்பது இவர்களுடைய பழைய கோரிக்கை. அதுவரை ஒவ்வொரு அமைச்சகமும் தன் காகிதத்தைத் தானே வைத்திருந்தது, தானே அழித்தது, யாருக்கும் கணக்குச் சொல்லவில்லை.

போல்ஷெவிக்குகள் இந்தக் கோரிக்கையை நிறைவேற்றினார்கள். 1918 ஜூன் 1 அன்று லெனின் ஒப்பமிட்ட ஆணை, துறைவாரிக் காப்பகங்களைத் தனி நிறுவனங்களாக இல்லாமல் செய்து, எல்லாவற்றையும் "ஒருங்கிணைந்த அரசு ஆவணத் தொகுதி" என்ற ஒரே உடைமையாக்கியது. 1917 அக்டோபர் 25-க்குள் முடிந்த அரசுக் கோப்புகள், கடிதப் போக்குவரத்து எல்லாம் அதில் சேரும். தலைமை ஆவண நிர்வாகத்தின் எழுத்துமூல அனுமதி இல்லாமல் எந்த அலுவலகமும் எதையும் அழிக்கக் கூடாது; மீறினால் நீதிமன்றம். தொழில்முறையில் பார்த்தால் அது நல்ல சட்டம். அந்தக் காலத்து ஐரோப்பாவில் இவ்வளவு முழுமையான ஆவணச் சட்டம் அரிது என்றே சொல்ல வேண்டும். அதன் ஆபத்து வேறிடத்தில் இருந்தது. எல்லா அரசுக் காகிதமும் ஒரே உடைமை என்று ஆன கணத்திலிருந்து, அந்த வளையத்துக்கு வெளியே காகிதம் வைத்திருக்கும் ஒவ்வொருவரும் விளக்கம் சொல்ல வேண்டியவரானார்.

ஏன் பிளாத்தோனோவ்?

1860-ல் செர்னிகோவில் பிறந்த பிளாத்தோனோவ், 17-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மாஸ்கோ அரசு சிதைந்த குழப்பக் காலத்தைப் பற்றிய ஆய்வால் 1899-லேயே பெயர் பெற்றவர். பீட்டர்ஸ்பர்க் பல்கலைக்கழகப் பேராசிரியர்; அரச குடும்பத்துப் பிள்ளைகளுக்கும் பாடம் சொன்னவர். முடியாட்சியே ரஷ்யாவுக்குப் பொருந்தும் என்ற தன் நம்பிக்கையை விசாரணையில்கூட அவர் மறைக்கவில்லை. இப்படிப்பட்டவரைத்தான் 1918-ல் புதிய நிர்வாகத்தின் தலைவர் தவீத் ரியஸானோவ் அழைத்து, பெத்ரோகிராத் காப்பகங்களின் பொறுப்பைக் கொடுத்தார். ரியஸானோவ் பழைய மார்க்ஸியர், மார்க்ஸின் கையெழுத்துப் படிகளைத் தேடி ஐரோப்பா முழுதும் அலைந்தவர். ஆவணத்தின் அருமை தெரிந்தவர் என்பதால் கட்சி அட்டையைப் பார்க்காமல் தொழில் தெரிந்தவர்களைத் தேடினார்.

பிளாத்தோனோவ் ஒப்புக்கொண்டதை அவருடைய சக அறிஞர்களில் சிலர் விரும்பவில்லை. அவர் செய்தது சரி என்றே தோன்றுகிறது. அமைச்சகங்கள் மாஸ்கோவுக்கு இடம் மாறின. காலியான கட்டடங்களில் புதிய அலுவலகங்கள் குடியேறின. குடிவந்தவர்களுக்கு அலமாரி வேண்டாம், அறை வேண்டும். விறகில்லாத குளிர்காலத்தில் மர அலமாரியும் எரிபொருள்தான், அதில் இருக்கும் காகிதமும் எரிபொருள்தான். எழுதத் தாள் தட்டுப்பாடு கடுமையாக இருந்ததால், ஒருபக்கம் எழுதிய பழைய கோப்புகளின் மறுபக்கத்தில் புதிய அலுவலகங்கள் கடிதம் எழுதின. பொறுப்பில் ஒருவர் இல்லாவிட்டால் இவற்றைத் தடுக்க யாருக்கும் அதிகாரம் இருந்திருக்காது. அவர் வேலைக்கு ஆள் எடுத்தார், அவர்களுக்கு உணவுப் பங்கீடு வாங்கித்தர மனு எழுதினார், 1918-ல் ஆவணப் பணிக்கான பயிற்சி வகுப்புகள் நடக்கச் செய்தார். பட்டியலிடவும் பழைய கையெழுத்தைப் படிக்கவும் தெரிந்த ஒரு புதிய அணி அந்த வகுப்புகளில் இருந்து வந்தது.

1919 மார்ச்சில் வந்த ஆணை, தேவையற்ற கோப்புகளைத் தேர்ந்து கழிக்க வழிசெய்தது. கழிப்பது என்பது காப்பகத்தின் இயல்பான வேலைதான். எல்லாவற்றையும் வைத்திருக்க எந்த நாட்டிலும் இடமில்லை. முறைப்படி செய்தால் ஒரு குழு கோப்பைத் திறந்து பார்க்கும், கழிக்கும் பட்டியலில் தலைப்பும் ஆண்டும் எழுதும், மாதிரிக்குச் சில ஆண்டுகளை வைத்துக்கொள்ளும், பட்டியல் மேலிடத்துக்குப் போய் அனுமதி வந்த பிறகே காகிதம் ஆலைக்குப் போகும். கெட்டுப்போவது எங்கே என்றால், காகித ஆலைக்கு இத்தனை எடை அனுப்ப வேண்டும் என்று இலக்கு வரும்போது. அப்போது கோப்பைத் திறக்க நேரமிருக்காது, முதுகில் ஒட்டிய தலைப்பை மட்டும் பார்ப்பார்கள். "சில்லறைச் செலவுக் கணக்கு" என்ற தலைப்பின் கீழ் ஒரு ஊரின் பத்தாண்டுக் கூலி விவரம் இருந்திருக்கலாம். 1920-களின் இறுதியில் தொழில்மயமாக்கலோடு வந்த பழைய காகிதச் சேகரிப்பு இயக்கங்களில் இந்த வகை இழப்பு பெருமளவில் நடந்தது. அரசியல் வழக்குகள் நினைவில் நிற்கின்றன. ஆலைக்குப் போன மூட்டைகளுக்கு வழக்கும் இல்லை, பட்டியலும் இல்லை. வரலாற்றாய்வுக்கு நேர்ந்த இழப்பில் இரண்டாவதுதான் பெரிது என்பது என் கருத்து.

1920-ல் ரியஸானோவ் போய், மிகயீல் போக்ரோவ்ஸ்கி வந்தார். அவரும் கைதேர்ந்த வரலாற்றாசிரியர், ஆனால் வரலாறு வர்க்கப் போராட்டத்தின் ஆயுதம் என்று உறுதியாக நம்பியவர். அவர் காலத்தில் தொடங்கிய "சிவப்புக் காப்பகம்" என்ற இதழ் 1922 முதல் 1941 வரை 106 தொகுதிகள் வந்தது. ஜார் அரசின் வெளியுறவு ரகசியங்கள், போலீஸ் அறிக்கைகள், அமைச்சர்களின் நாட்குறிப்புகள் என்று அது அச்சேற்றியவை அளவிலும் மதிப்பிலும் பெரியவை. உலகப் போரின் தோற்றம் பற்றி எழுதுகிறவர்கள் இன்றும் அதைப் புரட்டாமல் இருக்க முடியாது. ஆனால் அதன் பதிப்புமுறையைக் கவனித்துப் படிக்க வேண்டும். ஒரு கோப்பிலிருந்து எந்த ஐந்து தாளை எடுத்தார்கள், விடுபட்ட பகுதிக்குப் புள்ளிகள் இட்டார்களா, தலைப்பு ஆவணத்தில் உள்ளதா அல்லது பதிப்பாசிரியர் வைத்ததா என்று பார்க்காமல் மேற்கோள் காட்டினால், ஆவணத்தை அல்ல, தேர்வை மேற்கோள் காட்டுகிறோம்.

அக்காடமிக்கு வந்த முறை

பிளாத்தோனோவ் படிப்படியாக அரசுக் காப்பகப் பொறுப்பிலிருந்து விலகி அக்காடமிக்குள் நகர்ந்தார். 1834-லிருந்து நாளாகமங்களையும் பழஞ்சாசனங்களையும் பதிப்பித்து வந்த தொல்லாவண ஆணையத்துக்கு அவர் 1918 முதல் தலைவர். 1925-ல் புஷ்கின் இல்லமும் அக்காடமி நூலகமும் அவர் இயக்கத்தில் வந்தன. அவர் காலத்தில் நடந்த பதிப்புப் பணிக்கு ஓர் உதாரணம், 1926-28-ல் வந்த லவ்ரெந்தி நாளாகமத்தின் புதிய பதிப்பு: 1377-ல் படியெடுத்த தோல் சுவடியை வரிக்கு வரி ஒப்பிட்டு, மற்றப் படிகளின் பாட வேறுபாடுகளை அடிக்குறிப்பாகத் தந்த உழைப்பு. அரசியல் கொந்தளிப்பின் நடுவே இத்தகைய வேலை நடக்க முடிந்ததே அக்காடமி இன்னும் தன்னாட்சியோடு இருந்ததால்தான்.

அந்தத் தன்னாட்சியைத்தான் அரசு முடிக்க நினைத்தது. உறுப்பினர் இடங்கள் ஏறத்தாழ இரட்டிப்பாக்கப்பட்டன. கட்சி வேட்பாளர்கள் நிறுத்தப்பட்டார்கள். 1929 ஜனவரி 12 அன்று ரகசிய வாக்கெடுப்பில் தத்துவவாதி தெபோரின், வரலாற்றாசிரியர் லூக்கின், இலக்கிய ஆய்வாளர் ஃபிரீச்சே ஆகிய மூன்று கம்யூனிஸ்டுகளும் தோற்றார்கள். பத்திரிகைகள் கொதித்தன, பிப்ரவரியில் மறுவாக்கெடுப்பு நடத்தி மூவரையும் தேர்ந்தெடுத்தார்கள். ஆனால் அந்த ஜனவரி வாக்கெடுப்பை மேலிடம் மறக்கவில்லை. அவ்வாண்டிலேயே தொழிலாளர்-விவசாயிகள் கண்காணிப்புத் துறையின் யூரி ஃபிகாத்னர் தலைமையில் ஒரு குழு, ஊழியர்களைச் "சுத்திகரிக்க" அக்காடமிக்குள் நுழைந்தது. முடிதுறப்பு ஆவணங்களைக் கண்டெடுத்ததாக அறிவித்தது இந்தக் குழுதான். அவற்றோடு போலீஸ் துறைக் காகிதங்கள், தாராளவாதக் காதேத் கட்சியின், சோசலிஸ்டுப் புரட்சியாளர் கட்சியின் ஆவணங்கள், ஜார் காலத்து அரசியல் போலீஸான ஜென்டார்ம் படையின் முன்னாள் தலைவர் ஜுன்கோவ்ஸ்கியின் தாள்கள் ஆகியவையும் பட்டியலில் இருந்தன.

சட்டப்படி பார்த்தால் அரசின் கையில் ஒரு வாதம் இருந்தது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். முடிதுறப்பு ஆவணம் அரசு ஆவணம். 1918 ஆணைப்படி மத்தியக் காப்பகத்துக்குப் போயிருக்க வேண்டியது. ஆனால் அது நிர்வாகப் பிழை. தீர்வு, ஒரு ஒப்படைப்புச் சான்று எழுதி வண்டியில் ஏற்றுவது. தனிமனிதர்களும் கட்சிகளும் ஒப்படைத்தவை வேறு வகை. ஒப்படைத்தவர் "இன்ன காலம்வரை திறக்க வேண்டாம்" என்று கேட்டால் காப்பகம் அதை மதிக்கும். இல்லாவிட்டால் அடுத்தவர் ஒப்படைக்கமாட்டார், எரித்துவிடுவார். உலகெங்கும் காப்பகங்கள் இந்த நம்பிக்கையின் மேல்தான் நிற்கின்றன. குழுவின் அறிக்கை இந்த இரண்டு வகையையும் ஒன்றாகக் கலந்தது. முத்திரையிட்ட உறை "மறைப்பு" ஆயிற்று. ஒப்படைத்தவரின் பெயர் "தொடர்பு" ஆயிற்று. போலீஸ் ஒற்றர் பெயர்கள் உள்ள கோப்பு, உயிரோடிருக்கும் பழைய ஒற்றர்களைக் காப்பாற்றும் முயற்சி ஆயிற்று.

1929 அக்டோபர் 30 அன்று, கால் நூற்றாண்டாக அக்காடமியின் நிரந்தரச் செயலாளராக இருந்த செர்கேய் ஓல்தென்பர்க் பதவி நீக்கப்பட்டார். அவர் இந்தியவியல் அறிஞர். பௌத்த நூல்களின் மூலப் பாடங்களை வெளியிடும் வரிசையை 1897-ல் தொடங்கியவர். பிளாத்தோனோவும் தன் பொறுப்புகளை விட்டு விலகினார். கைதுகள் தொடங்கின.

வழக்கு கட்டப்பட்ட விதம்

கைதானவர்கள் நூற்றுக்கும் மேல். லெனின்கிராதில் பிளாத்தோனோவ், வரலாற்றாசிரியர் யெவ்கேனி தார்லே, முத்திரைகளையும் பழஞ்சுவடிகளையும் வாழ்நாள் முழுதும் சேர்த்த நிக்கலாய் லிஹச்சோவ், செர்கேய் ரொழ்தெஸ்த்வென்ஸ்கி. மாஸ்கோவில் வரலாற்றாசிரியர்கள் மத்வேய் லியுபாவ்ஸ்கி, யூரி கோத்தியே, செர்கேய் பக்ருஷின். பிளாத்தோனோவின் இரு மகள்களும் கைதானார்கள். "சுதந்திர ரஷ்யாவின் மறுமலர்ச்சிக்கான அனைத்து மக்கள் போராட்டச் சங்கம்" என்று ஒரு அமைப்பு இருந்ததாகவும், வெளிநாட்டுப் படையெடுப்போடு சேர்ந்து முடியாட்சியை மீட்க அது திட்டமிட்டதாகவும் விசாரணை அதிகாரிகள் எழுதினார்கள். பிளாத்தோனோவ் பிரதமராம், தார்லே வெளியுறவு அமைச்சராம். அப்படி ஒரு சங்கம் இருந்ததே இல்லை. 1928 ஜூலையில் பெர்லினில் நடந்த ரஷ்ய வரலாற்றாசிரியர் வாரத்துக்கு அரசின் அனுமதியோடு, போக்ரோவ்ஸ்கியும் உடன் இருந்த குழுவில், பிளாத்தோனோவ் சென்று வந்திருந்தார். அந்தப் பயணம் வெளிநாட்டுத் தொடர்புக்குச் சான்றாக்கப்பட்டது.

தமிழ் வாசகர்கள் அறிய வேண்டிய ஒருவர் இந்தப் பட்டியலில் இருக்கிறார். அலெக்சாந்தர் மெர்வார்ட், ஜெர்மனியின் மன்ஹைமில் பிறந்தவர், லெனின்கிராத் மானிடவியல் அருங்காட்சியகத்தில் இந்தியப் பிரிவின் பொறுப்பாளர். 1914 முதல் 1918 வரை மனைவி லியுத்மிலாவுடன் இலங்கையிலும் இந்தியாவிலும் அருங்காட்சியகத்துக்காகப் பொருள்கள் சேகரித்தார். திரும்பிப்போய்த் தமிழ் கற்பித்தார். தமிழ்ப் பேச்சுமொழிக்கு ரஷ்ய மொழியில் அவர் எழுதிய இலக்கணம் 1929-ல் வெளியானது. 1930 ஜனவரியில் கணவன், மனைவி இருவரும் கைதானார்கள். அவர் மீது ஜெர்மானிய உளவாளி என்ற குற்றச்சாட்டு. முகாம் தண்டனை பெற்று 1932-ல் அங்கேயே இறந்தார். லியுத்மிலா பிழைத்துத் திரும்பினார். ரஷ்யாவில் தமிழ்ப் படிப்பு அதன் பிறகு பல ஆண்டுகள் தலையெடுக்கவில்லை என்பதற்கு இந்தக் கைது ஒரு நேரடிக் காரணம்.

1928-ல் ஷாக்தி சுரங்கப் பொறியாளர்கள் மீதும், 1930-ல் "தொழில் கட்சி" மீதும் நடந்ததைப் போன்ற பகிரங்க விசாரணை இந்த வழக்கில் நடக்கவில்லை. 1931 பிப்ரவரியில் அக்காடமிக் கூட்டம் பிளாத்தோனோவ், தார்லே, லிஹச்சோவ், லியுபாவ்ஸ்கி ஆகிய நால்வரையும் உறுப்பினர் பட்டியலிலிருந்து நீக்கியது. இணைக்கப்பட்டிருந்த முன்னாள் இராணுவ அதிகாரிகளில் சிலர் சுடப்பட்டார்கள். ஆகஸ்டில் சோவியத் ரகசியப் போலீஸான ஒகேபெயுவின் குழு, நீதிமன்றம் இல்லாமலே, முதன்மை வரலாற்றாசிரியர்களை நாட்டுக்குள்ளேயே தொலைவூர்களுக்கு ஐந்தாண்டு கடத்தும் தண்டனை விதித்தது. பிளாத்தோனோவ் சமாராவுக்குப் போய் 1933 ஜனவரி 10 அன்று இறந்தார். உஃபாவுக்கு அனுப்பப்பட்ட லியுபாவ்ஸ்கி அங்கே பஷ்கீர் மக்களின் நில வரலாற்றை ஆராய்ந்தபடி 1936-ல் காலமானார். தார்லே அல்மா-அத்தாவிலிருந்து 1932-லேயே திரும்பி, பிறகு ஸ்டாலின் பரிசுகள் வரை பெற்றார். ரியஸானோவையும் விடவில்லை, 1931-ல் வேறொரு வழக்கில் கைதாகி 1938-ல் சுடப்பட்டார். பிளாத்தோனோவ் உள்ளிட்டோர் குற்றமற்றவர்கள் என்று சோவியத் உச்ச நீதிமன்றம் 1967-ல் அறிவித்தது.

விசாரணைக் கோப்பைப் படிப்பது எப்படி

இந்த வழக்கின் கோப்புகள் 1993 முதல் பீட்டர்ஸ்பர்கில் அச்சாகத் தொடங்கின. முதல் தொகுதி பிளாத்தோனோவினுடையது. அவற்றைத் திறக்கும் பலர் நேராக வாக்குமூலத்துக்குப் போகிறார்கள். அது தவறான வாசல்.

ஒகேபெயு கோப்பில் வழக்கமாக இருப்பவை: கைது, சோதனை ஆணை, சோதனையில் எடுத்தவற்றின் பட்டியல், கைதானவர் நிரப்பிய விவரத் தாள், விசாரணைப் பதிவுகள், குற்றச்சாட்டு முடிவறிக்கை, தீர்ப்புக் கூட்டக் குறிப்பிலிருந்து ஒரு சீட்டு. இதில் பொய் சொல்ல யாருக்கும் அவசியமில்லாத பகுதி சோதனைப் பட்டியலும் விவரத் தாளும்தான். முகவரி, வேலை, உறவினர், வீட்டில் இருந்த கடிதக் கட்டுகளின் எண்ணிக்கை ஆகியவை பெரும்பாலும் நம்பத் தக்கவை. படிப்பை அங்கே தொடங்க வேண்டும்.

அடுத்து, விசாரணைப் பதிவுகளைக் கோப்பில் உள்ள வரிசையில் அல்ல, தேதி வரிசையில் அடுக்க வேண்டும். பல வாரம் பதிவே இல்லாமல் இருந்து திடீரென்று நீண்ட ஒப்புதல் வந்தால், அந்த இடைவெளிதான் செய்தி. அந்த வாரங்களிலும் விசாரணை நடந்திருக்கும், எழுதி வைத்திருக்கமாட்டார்கள். அதிகாரி எழுதிக் கைதி ஒப்பமிட்டதா, கைதியே எழுதியதா என்று பிரிக்க வேண்டும். கைதியே எழுதியதாக இருந்தாலும் சொற்களைப் பார்க்க வேண்டும். "எங்கள் எதிர்ப்புரட்சி அமைப்பு" என்று எந்த முடியாட்சி ஆதரவாளரும் தன்னைப் பற்றி இயல்பாகச் சொல்லமாட்டார். அது அதிகாரியின் மொழி. ஒரே வாக்கியம் மூன்று பேருடைய பதிவில் அப்படியே வந்தால் மூவருக்கும் ஒரே வரைவு காட்டப்பட்டிருக்கிறது.

இதற்கு நடுவிலும் உண்மைகள் கிடக்கின்றன. யார் யார் வீட்டில் எந்தக் கிழமை கூடித் தேநீர் குடித்தார்கள், யார் யாருக்குப் புத்தகம் அனுப்பினார்கள், பழைய மாணவருக்கு வேலை வாங்கித்தர யார் கடிதம் எழுதினார்கள் என்பவை உண்மைச் செய்திகள். அதிகாரி அவற்றுக்குக் கொடுத்த பெயர்தான் பொய். தேநீர்க் கூட்டம் "கிளை" ஆகிறது, சிபாரிசுக் கடிதம் "ஆள்சேர்ப்பு" ஆகிறது. பெயரைக் கழற்றிவிட்டுச் செய்தியை எடுத்தால், 1920-களின் அறிவுலகம் எப்படி வாழ்ந்தது என்பதற்கு இதைவிட விரிவான மூலம் குறைவு. ஆனால் இப்படி எடுத்த எதையும், நாட்குறிப்பு, கடிதம், நிறுவனக் கூட்டக் குறிப்பு என்ற இன்னொரு சான்று இல்லாமல் பயன்படுத்தக் கூடாது.

அப்படிப்பட்ட இன்னொரு சான்று எங்கிருந்தெல்லாம் வரலாம் என்பதற்குக் கோத்தியேயின் நாட்குறிப்பைச் சொல்லலாம். 1917 முதல் 1922 வரை, பசியும் குளிரும் நூலக வேலையுமாக அவர் எழுதியது. வீட்டில் வைத்திருப்பது ஆபத்து என்று உணர்ந்து, 1922-ல் மாஸ்கோ வந்திருந்த அமெரிக்க வரலாற்றாசிரியர் ஃபிராங்க் கோல்டரிடம் கொடுத்துவிட்டார். அது கலிஃபோர்னியாவின் ஹூவர் நிறுவனத்தில் கோல்டரின் காகிதங்களுக்குள், யாருடையது என்று தெரியாமல், 1982 வரை கிடந்தது. 1930-ல் அது வீட்டில் அகப்பட்டிருந்தால் ஐந்தாண்டோடு முடிந்திருக்காது.

சிதறிய தொகுதிகள்

வழக்கினால் ஆவணங்களுக்கு என்ன ஆயிற்று? லிஹச்சோவின் சேகரிப்பே நல்ல உதாரணம். ஆப்பெழுத்துக் களிமண் பலகைகள், பாப்பிரஸ் துண்டுகள், பைசாந்திய ஈய முத்திரைகள், மேற்கு ஐரோப்பியச் சாசனங்கள், ரஷ்யச் சுவடிகள் என்று எழுத்தின் முழு வரலாற்றையும் ஒரே கூரையின் கீழ் காட்ட அவர் வாங்கிச் சேர்த்தவை அக்காடமியின் தொல்லெழுத்து அருங்காட்சியகமாக இருந்தன. அவர் அஸ்த்ரகானுக்கு அனுப்பப்பட்ட பின் நிறுவனத்தின் பெயர் மாறிக்கொண்டே போய், 1936-ல் கலைக்கப்பட்டது. களிமண் பலகைகளும் பைசாந்திய முத்திரைகளும் ஹெர்மிதாழ் அருங்காட்சியகத்துக்கு, ஐரோப்பியச் சாசனங்கள் வரலாற்று நிறுவனத்துக்கு, மற்றவை வேறிடங்களுக்கு. ஒரு பொருளும் காணாமல் போகவில்லை என்றே வைத்துக்கொண்டாலும், எதை எதற்கு அருகில் வைத்து அவர் என்ன காட்ட நினைத்தார் என்பது இன்று பட்டியல்களை ஒப்பிட்டுத்தான் தெரிய வேண்டியிருக்கிறது.

அரசுக் காப்பகங்களின் நிலை 1938 ஏப்ரலில் இன்னும் இறுகியது. காப்பக அமைப்பு முழுவதும் உள்துறைப் போலீஸான என்கேவெதேயின் கீழ் சென்றது. பழைய படைப்பட்டியல், போலீஸ் சம்பளப் பட்டியல், கட்சி உறுப்பினர் பட்டியல்களிலிருந்து பெயர் பெயராக அட்டை எழுதுவது காப்பக ஊழியர்களின் முதன்மை வேலையானது. ஆய்வாளருக்கு வழிகாட்டும் பட்டியல்களை எழுதும் வேலை பின்னுக்குப் போனது. உள்துறையிடமிருந்து காப்பகங்கள் பிரிய 1960 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

இன்று இந்த வழக்கை ஆராய விரும்புகிறவர் குறைந்தது நான்கு இடங்களை ஒன்றாகப் படிக்க வேண்டும். போலீஸ் துறையின் கோப்புகள் மாஸ்கோவில், கூட்டாட்சி அரசு ஆவணக் காப்பகத்தில், ஃபோந்த் 102-ல் இருக்கின்றன. பிளாத்தோனோவின் கடிதங்களும் குறிப்புகளும் பீட்டர்ஸ்பர்கில், ரஷ்ய தேசிய நூலகத்தின் கையெழுத்துப் பிரிவில், ஃபோந்த் 585-ல். அக்காடமியின் கூட்டக் குறிப்புகள் அதன் சொந்தக் காப்பகத்தில். விசாரணைப் பதிவுகளுக்கு 1993-க்குப் பிந்தைய அச்சுத் தொகுதிகள். தொடங்க வேண்டிய இடம் ஃபோந்த் 585: பிளாத்தோனோவுக்கு 1920-களில் யார் எழுதினார்கள், எதைப் பற்றி என்று அந்தக் கடிதக் கட்டுகளைத் தேதிவாரியாகக் குறித்துக்கொண்டு, பிறகு விசாரணைப் பதிவில் அதே பெயர்கள் எந்தப் பட்டத்தோடு வருகின்றன என்று பக்கத்தில் பக்கம் வைத்துப் பார்க்க வேண்டும்.